தியாகியின் காசு கைக்குக் கை போகட்டும்!

நாட்டுக்காகச் சிறை சென்றவர்களின் முகத்தை அரசாங்கம் நாணயத்தில் பொறிக்கிறது. நல்ல காரியம். இதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால், அந்த நாணயம் யார் கைக்குப் போகிறது?

தர்மபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் என்ற பேரூர் இருக்கிறது. வாரச் சந்தை கூடுகிற ஊர். சுற்று வட்டாரக் கிராமத்து மக்கள் ஆடு, கோழி, காய்கறி, தானியம் என்று கொண்டு வந்து விற்கிறார்கள். தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். கீரை விற்கும் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து டீக்கடைக் கல்லாவுக்கும், அங்கிருந்து பஸ் கண்டக்டரின் தோல்பைக்கும் காசு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் காசுகளை ஒருநாள் தரையில் கொட்டித் தேடிப் பாருங்கள். எத்தனை காசில் ஒரு தியாகியின் முகம் இருக்கும்? தேய்ந்துபோன பழைய காசு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிசயம்!

அப்படியானால், அரசாங்கம் வெளியிட்ட தியாகி நாணயங்கள் எல்லாம் எங்கே போயின?

பிர்சா முண்டா

ஓர் உதாரணம் சொல்கிறேன்.

பிர்சா முண்டா என்று ஒரு வீரர். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், முண்டா என்ற பழங்குடியில், 1875-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பிறந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை. காடும் நிலமும் தம் மக்களின் கையை விட்டுப் போவதைப் பார்த்தார். வில்லும் அம்பும் வைத்திருந்த தம் மக்களைத் திரட்டி, துப்பாக்கி வைத்திருந்த வெள்ளை அரசாங்கத்தை எதிர்த்தார். பிடிபட்டார். 1900-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி ராஞ்சி சிறையில் இறந்தார். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை.

அவருடைய 150-வது பிறந்த ஆண்டின் தொடக்கமாக, 2024-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, பீகார் மாநிலம் ஜமுயியில் நடந்த விழாவில் பிரதமர் ஒரு நாணயத்தை வெளியிட்டார். அது எத்தனை ரூபாய் நாணயம் தெரியுமா? 150 ரூபாய்!

150 ரூபாய் நாணயத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கொடுத்து அரிசி வாங்கியிருக்கிறீர்களா? முடியாது. அது புழக்கத்துக்கு வருகிற காசு அல்ல. பெட்டியில் வைத்து விற்கிற காசு.

நேதாஜிக்கும் அப்படித்தான். 1943-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அந்தமானில் போர்ட் பிளேர் நகரில் அவர் கொடி ஏற்றினார். அதன் 75-ம் ஆண்டு நினைவாக 2018-ல் 75 ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. 75 ரூபாய் நாணயத்தைக் கொண்டு போனால் எந்தக் கடையில் சில்லறை கொடுப்பார்கள்?

இத்தகைய நாணயங்கள் பெரியவை. பெரும்பாலானவை 44 மில்லி மீட்டர் அகலம், 35 கிராம் எடை கொண்டவை. பாதிக்குப் பாதி வெள்ளி. மீதியில் 40 பங்கு செம்பு. நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கு. பார்க்க அழகாக இருக்கும். வாங்கத்தான் ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். காசின் மேல் 100 ரூபாய் என்றோ 150 ரூபாய் என்றோ போட்டிருந்தாலும், அந்த விலைக்குக் கிடைக்காது. நாணயச் சாலைக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு அனுப்பி வைப்பார்கள். அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள்.

காட்டுக்குடிசையில் பிறந்து, காட்டு மக்களுக்காக உயிர் விட்டவரின் முகம் பணக்காரர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அவருடைய பேரப் பிள்ளைகளான உழைப்பாளி மக்கள் அதைக் கண்ணால் காண முடியாது. இது சரியா?

முன்பு எப்படி?

முன்பெல்லாம் இப்படி இல்லை.

சுதந்திர இந்தியாவில் ஒருவரின் நினைவாக முதன்முதலில் நாணயம் வெளியானது 1964-ல். அந்த ஆண்டு மே மாதம் நேரு மறைந்தார். அவர் உருவம் பொறித்த ஒரு ரூபாய் காசும் 50 பைசா காசும் வந்தன. ஏழை எளியவர் எல்லோர் கையிலும் புழங்கின. 1969-ல் காந்தியடிகளின் நூற்றாண்டு. 10 ரூபாய்க்கு வெள்ளி நாணயம் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரு ரூபாய், 50 பைசா, 20 பைசா என்று சிறு காசுகளும் போட்டார்கள். மஞ்சள் நிறத்தில் பளபளத்த அந்த 20 பைசாவைச் சிறு வயதில் சேர்த்து வைத்த பாட்டிமார் இன்றும் பல வீடுகளில் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

2003-ல் காமராஜர் நூற்றாண்டு. சுதந்திரப் போரில் ஏறத்தாழ 9 ஆண்டுகள் சிறையில் இருந்தவர் அவர். அவருக்கு 100 ரூபாய் நாணயமும் வந்தது. 5 ரூபாய் நாணயமும் வந்தது. 23 வயதில் தூக்குமேடை ஏறிய பகத்சிங்குக்கு 5 ரூபாய் காசு வந்தது. திலகருக்கும் வந்தது. 16 வயதில் சிறைக்குப் போய், 1947-ல் நாடு விடுதலை அடைந்த பிறகே வெளியே வந்த நாகர் குலப் பெண் ராணி கைதின்லியுவுக்கு 2015-ல் 100 ரூபாய், 5 ரூபாய் என இரண்டும் வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அம்பேத்கர் நினைவாக 125 ரூபாய் நாணயத்தையும் 10 ரூபாய் நாணயத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

இந்த வழக்கத்தைக் கவனியுங்கள். சேர்த்து வைக்க விரும்புகிறவருக்குப் பெரிய காசு. செலவு செய்கிறவருக்குச் சிறிய காசு. ஒரே தலைவர், இரண்டு காசு. இதில் யாருக்கும் மனக்குறை இல்லை.

பெரிய காசை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். சரித்திரத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால், பெரிய காசு வரும்போதெல்லாம் சிறிய காசும் கூடவே வர வேண்டும். அதுவே என் கட்சி.

காந்தி காசைத் திருப்பிக் கொடுத்தோம்!

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாம் செய்ததையும் பார்க்க வேண்டாமா?

தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் 1915-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அதன் நூற்றாண்டு நினைவாக 2015-ல் 10 ரூபாய் நாணயம் வெளியானது. பஸ்ஸிலும் கடையிலும் புழங்க வேண்டிய காசு.

என்ன நடந்தது?

"10 ரூபாய் காசு செல்லாது!" என்று எவரோ ஒரு வதந்தியைக் கிளப்பி விட்டார்கள். அது தமிழ்நாடு முழுவதும் காட்டுத் தீ போல் பரவியது. "பத்துக் கோடு போட்ட காசு நல்ல காசு, பதினைந்து கோடு போட்டது கள்ளக் காசு" என்றார்கள். "ரூபாய் அடையாளம் இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது" என்றார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதை!

காய்கறி விற்ற பாட்டி காசை நீட்டினால், "இது வேண்டாம் பாட்டி, நோட்டாகக் கொடு" என்று கடைக்காரர் கையை எடுத்துக்கொள்வார். "நீ கொடுத்த காசுதானே அப்பா இது?" என்று பாட்டி கேட்டாலும் பதில் வராது. இந்தக் காட்சி நடக்காத சந்தை நம் பக்கத்தில் உண்டா? நாள் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்த காசு, மாலையில் செல்லாக் காசு ஆகிவிட்டது. நஷ்டம் யாருக்கு? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு. பாங்கிக்குப் போய் வாதாடத் தெரியாதவருக்கு.

உண்மை என்ன?

அந்தக் காசுகள் எல்லாமே நல்ல காசுகள். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு நினைவுக்காக வெளியிட்டதால் வெவ்வேறு உருவம் கொண்டிருந்தன. ஒன்றில் காந்தி, ஒன்றில் அம்பேத்கர், ஒன்றில் விஞ்ஞானி ஹோமி பாபா, ஒன்றில் பாராளுமன்றக் கட்டிடம். மொத்தம் 14 விதமான 10 ரூபாய் காசுகள் இருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் பாங்கி 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் அறிவித்தது. அதற்கு முன்பும் சொன்னது, பின்பும் சொன்னது. ஆனாலும் வதந்தியின் கால் வேகமாக ஓடியது. உண்மை நொண்டி நொண்டித்தான் பின்னால் போனது.

யோசித்துப் பாருங்கள். காந்தியின் நினைவாக ஒரு காசு. அதை "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தோம். அம்பேத்கரின் முகத்தைப் பார்த்து, "இது கள்ளக் காசு" என்றோம். அவர்கள் முகம் காசில் இருந்ததே சந்தேகத்துக்குக் காரணமாகிவிட்டது! இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

2011-ம் ஆண்டு நாணயச் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகளைக் கொண்டு ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம். அது சட்டப்படி செல்லும் பணம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் மட்டுமே 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. கடையில் மறுக்கிறார்களே, அந்த 50 பைசாகூடச் சட்டப்படி இன்றும் செல்லும்! காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்.

காசில் தலை வந்த கதை

"காசு செல்ல வேண்டும். அவ்வளவுதானே? அதில் யார் முகம் இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

இருக்கிறது ஐயா, வித்தியாசம் இருக்கிறது!

நாட்டை ஆள்கிறவன் தன் தலையைக் காசில் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். "நீ உழைத்துச் சம்பாதிக்கும் ஒவ்வொரு காசிலும் நான் இருக்கிறேன்" என்பது அதன் பொருள். வெள்ளைக்காரன் ஆட்சியில் விக்டோரியா ராணியின் தலை இருந்தது. பிறகு ஏழாம் எட்வர்டு. பிறகு ஐந்தாம் ஜார்ஜ். கடைசியாக ஆறாம் ஜார்ஜ். கடல் கடந்து எங்கோ இருந்த மன்னரின் முகத்தை, நம் ஊர் உழவர் முந்தானையில் முடிந்து வைத்தார். மடியில் கட்டி வைத்தார்.

1950-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அந்தத் தலை போயிற்று. அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத் தூண் காசில் ஏறியது. 1957-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அணாக் கணக்கும் போயிற்று. 16 அணா ஒரு ரூபாய் என்றிருந்தது, 100 நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆயிற்று. பிள்ளைகளுக்குக் கணக்குச் சுலபமாயிற்று.

மன்னன் தலை இருந்த இடத்தில், மன்னனை எதிர்த்தவன் தலை வருவது சாதாரண விஷயமா? நாடு நம்முடையது ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி எது? படிக்காதவருக்கும் புரிகிற சாட்சி இது. குழந்தை கையிலும் கொடுக்கலாம். அதனால்தான் சொல்கிறேன். அந்தச் சாட்சி பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

பாப்பாரப்பட்டிக்குப் போவோம்

கம்பைநல்லூர் இருக்கும் அதே தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி இருக்கிறது. அங்கே ஒரு வீரர் மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கிறார். அவர்தான் சுப்பிரமணிய சிவா.

சிவா 1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் மேடை ஏறிப் பேசினார். அவர் பேச்சைக் கேட்ட தொழிலாளிகள் தலை நிமிர்ந்தார்கள். வெள்ளை அதிகாரிகளுக்குக் குலை நடுங்கிற்று. மார்ச் 12-ந் தேதி அவரையும் வ.உ.சிதம்பரம் பிள்ளையையும் கைது செய்தார்கள்.

வ.உ.சி. யார்? வெள்ளையனின் கப்பலுக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் ஓட்டியவர். அந்தக் கம்பெனி எதைக் கொண்டு எழுந்தது? காசைக் கொண்டு! ஒரு பங்கு 25 ரூபாய். அப்படி 40 ஆயிரம் பங்குகள் என்று திட்டம் போட்டார். மொத்தம் 10 லட்ச ரூபாய். போட்டி தாங்காமல் வெள்ளைக் கம்பெனி கப்பல் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிப் போகிறோம் என்று சொன்னதாகச் சரித்திரம் கூறுகிறது. சுதந்திரப் போர் துப்பாக்கியால் மட்டும் நடக்கவில்லை. மக்கள் தங்கள் ரூபாயை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்பதிலும் நடந்தது.

1908-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். பேசிய குற்றத்துக்குச் சிவாவுக்குப் பத்து ஆண்டு தண்டனை. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. அதில் ஒன்று எதற்குத் தெரியுமா? சிவாவுக்கு இடமும் ஆதரவும் கொடுத்ததற்கு! பிறகு அப்பீலில் இருவர் தண்டனையும் குறைந்தது. அந்த நாளில் மக்கள் கையில் புழங்கிய ரூபாயில் ஏழாம் எட்வர்டின் தலை இருந்தது.

சிவா 1912-ம் ஆண்டு நவம்பரில் வெளியே வந்தார். எப்படி வந்தார்? உடம்பில் தொழுநோயோடு வந்தார்.

அன்று அந்த நோய்க்கு மருந்து இல்லை. நோயாளியைக் கண்டால் ஊர் ஒதுங்கும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சும். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. சிவா அடங்கிவிட்டாரா? இல்லை! மாட்டு வண்டியில் போனார். வண்டி கிடைக்காத இடத்தில் நடந்தே போனார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 'ஞானபாநு' என்று பத்திரிகை நடத்தினார். மறுபடியும் சிறைக்குப் போனார்.

கடைசியில் பாப்பாரப்பட்டியில் தங்கினார். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார். சாதி, மத வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் வந்து கும்பிடும் கோயில். 1923-ல் வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கட்டி முடிப்பதற்குள் 1925-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி சிவா கண்ணை மூடினார். அவருக்கு 40 வயதுதான்.

கல் நாட்டியவருக்குக் காசு

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள்.

சிவாவின் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய சித்தரஞ்சன் தாஸும் அதே 1925-ல்தான் இறந்தார். ஜூன் 16-ந் தேதி. சிவாவுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்பு. தாஸின் முகம் பொறித்த 2 ரூபாய் காசு 1998-ல் வெளியானது. வெள்ளிக் காசு அல்ல. நம்மைப் போன்றவர்கள் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு. தர்மபுரி மாவட்டத்திலும் அது புழங்கியது. கல் நாட்டியவரின் முகம் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது. கல் நாட்ட அழைத்தவரின் முகமும் அதுபோல வர வேண்டாமா?

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதா நினைவாலயத்தையும் தமிழக அரசு எழுப்பியிருக்கிறது. நல்லது. ஆனால், மண்டபத்துக்கு நாம் போக வேண்டும். காசோ, நம்மைத் தேடி வரும். மண்டபம் ஓர் ஊரில் நிற்கும். காசு கன்னியாகுமரிக்கும் போகும், காஷ்மீருக்கும் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவாவைத் தொட மக்கள் அஞ்சினார்கள். ரயில் பெட்டியில் அவருக்கு இடம் இல்லை. ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் அந்த நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட மனிதரின் முகம் ஒரு காசில் ஏறி, கைக்குக் கை, மடிக்கு மடி, ரயில் டிக்கெட் ஜன்னலுக்கு ஜன்னல் போகட்டுமே! கோடி மக்கள் கூசாமல் அவரைத் தொடட்டுமே! அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையில் இதைவிடப் பொருத்தமானது எது?

எதிர்க்கேள்விகள்

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்வார்கள். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

"புதுப் புது முகம் போட்டதால்தானே வதந்தி கிளம்பியது? மறுபடியும் முகம் போட்டால் மறுபடியும் குழப்பம் வராதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு வழி உண்டு. வருஷத்துக்குப் பத்து முகம் போடாதீர்கள். ஒன்று போதும். காசின் அளவும் நிறமும் எடையும் மாறக் கூடாது. எண் இருக்கும் பக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும். மறுபக்கம் மட்டும் தியாகி வரட்டும். காசு வெளிவருவதற்கு முன்பே அதன் பெரிய படத்தை ரேஷன் கடையிலும் தபாலாபீசிலும் பாங்கியிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டி வையுங்கள். "இது நம் காசு. செல்லும்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். தெரியாத முகத்தைக் கண்டால்தான் சந்தேகம் வரும். முன்பே அறிமுகம் ஆன முகத்தை யார் சந்தேகிப்பார்கள்?

"இது செல்போன் காலம். சந்தையில் கீரைக்காரிகூட அட்டையை மாட்டி வைத்துவிட்டார். காசு யாருக்கு வேண்டும்?" என்று கேட்கலாம். உண்மைதான். செல்போனில் பணம் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால், கோயில் உண்டியல் இருக்கிறது. குழந்தையின் மண் உண்டியல் இருக்கிறது. செல்போன் இல்லாத தாத்தா இருக்கிறார். 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சுதந்திரத்தின் 75-ம் ஆண்டு நினைவாக ஒரு ரூபாய், 2, 5, 10, 20 ரூபாய் என்று ஐந்து காசுகளை அரசாங்கமே புழக்கத்துக்கு வெளியிட்டதே! கண் தெரியாதவர்களும் தடவி அறியும்படி அவற்றைச் செய்தார்கள். காசுக்கு வேலை இல்லை என்றால் அதை ஏன் வெளியிட வேண்டும்? அந்தக் காசுகளில் விழாவின் சின்னம் இருந்தது. சின்னம் ஏறிய இடத்தில் ஒரு முகம் ஏற முடியாதா?

"முகம் போட்டால் வயிறு நிறையுமா?" என்றும் கேட்பார்கள். நிறையாதுதான். ஆனால், பேரன் காசைத் திருப்பிப் பார்த்து, "இது யார் தாத்தா?" என்று கேட்பான். தாத்தாவுக்குத் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் விசாரித்தாவது சொல்வார். பாடப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் மட்டும் பேசும். காசு கடைவீதியில் பேசும். செலவில்லாத பாடம் இது.

தமிழில் பெயர் வேண்டும்

இன்னும் ஒரு கோரிக்கை. இது முக்கியம்.

நாணயங்களில் பெயர்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கிறார்கள். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற நம் ஊர் அம்மாவுக்கு அது எப்படிப் புரியும்?

தமிழ் எழுத்தைக் காசில் பொறிக்க முடியாது என்பதில்லை. 2009-ல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்காக வெளியான 5 ரூபாய் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி சென்னையில் வெளியான கலைஞர் கருணாநிதி நினைவு 100 ரூபாய் நாணயத்தில் "தமிழ் வெல்லும்" என்ற சொற்கள் இருக்கின்றன. வழி திறந்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தியாகியின் காசில் அவர் பெயர் தமிழிலும் இருக்கட்டும். எழுத்துக் கூட்டுகிற விரல், காசின் மேல் ஊர்ந்து, "சி...வா" என்று படிக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

நினைவு நாணயம் தானாக வராது. யாராவது கேட்க வேண்டும். கோரிக்கை மத்திய நிதி அமைச்சகத்துக்குப் போக வேண்டும். அது ஒப்புக்கொண்டு அரசிதழில் அறிவித்த பிறகு, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச் சாலைகளில் காசு தயாராகும். எது எங்கே அடித்தது என்று கண்டுபிடிக்கலாம். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. இன்றைக்கே பிள்ளைகளை உட்கார வைத்து விளையாட்டாகக் காட்டுங்கள்.

சிவா மறைந்த நூற்றாண்டு 2025 ஜூலையோடு நிறைந்துவிட்டது. அடுத்த நல்ல நாள் 2034-ம் ஆண்டு அக்டோபர் 4. அன்று அவர் பிறந்து 150 ஆண்டு நிறைகிறது. இன்னும் காலம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்து மக்கள் கட்சி வேற்றுமையை மறந்து இப்போதே கேட்கலாம். பள்ளிக்கூடங்கள் கேட்கலாம். வணிகர் சங்கங்கள் கேட்கலாம். பாப்பாரப்பட்டி மட்டும் கேட்டால் போதாது. கம்பைநல்லூரும் கேட்க வேண்டும். காரிமங்கலமும் அரூரும் பென்னாகரமும் கேட்க வேண்டும். "150 ரூபாய்க்கு ஒரு நாணயம் போட்டுப் பெட்டியில் வையுங்கள், கூடவே 10 ரூபாய்க்கு ஒரு காசு போட்டு எங்கள் கையில் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் நம் வீட்டைச் சரி செய்வோம்.

கடைக்காரர்களே! நாளை யாராவது 10 ரூபாய் காசை நீட்டினால் வாங்கிக் கல்லாவில் போடுங்கள். கண்டக்டர்களே! "நோட்டு இல்லையா?" என்று கேட்காதீர்கள். தாய்மார்களே! ஒருவர் மறுத்தால், "ரிசர்வ் பாங்கியே செல்லும் என்று சொல்லியிருக்கிறது" என்று எடுத்துச் சொல்லுங்கள். காந்தியின் காசை வாங்க மறுக்கிற ஊருக்குச் சிவாவின் காசைக் கேட்கும் உரிமை ஏது? இருக்கிற காசை மதிப்போம். வர வேண்டிய காசைக் கேட்டு வாங்குவோம்.